வெட்டவெளியில் கேம்பர் வேனை நிறுத்தி வைப்பது: புதுச்சேரி, கடலூர் கடலோரத்துக்கான முழுமையான வழிகாட்டி

சொந்தமாகக் கேம்பர் வேனோ மோட்டார் ஹோமோ வைத்திருந்து, ஷெட் வசதி இல்லாமல் மனையிலோ தோப்பு ஓரத்திலோ நிறுத்தி வைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஃபோர்ஸ் டிராவலர், டாடா விங்கர் மாதிரி வண்டியில் படுக்கை, சமையல் மேடை, தண்ணீர் டேங்க் எல்லாம் பொருத்தி மாற்றிக்கொண்டவர்களுக்கும் இதே வேலைதான். இரண்டு வாரத்துக்கு மேல் வண்டி நிற்கப் போகிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

வெளிநாட்டு வீடியோக்கள் பெரும்பாலும் உறைபனியை மனத்தில் வைத்து எடுக்கப்பட்டவை. குழாய்க்குள் உறையாத திரவம் ஊற்றச் சொல்வார்கள். நமக்கு அது வேண்டாம். நம் கரையில் வண்டியைத் தின்பவை கடல் உப்பு, உள்ளே சிக்கிக்கொள்ளும் ஈரம், ஐப்பசி கார்த்திகையில் வரும் மழையும் புயலும். அதனால் வரிசை இப்படி அமைய வேண்டும்: கழுவு, உலர்த்து, காலி செய், நிறுத்து, கடைசியாக மூடு. புதியவர்கள் பலர் வண்டியைக் கொண்டுவந்த அன்றே தார்ப்பாயை இழுத்துக் கட்டிவிடுகிறார்கள். பிறகு வரும் பாதிப் பிரச்சினைகள் அங்கேயே தொடங்குகின்றன.

1. முன்கூட்டியே கையில் இருக்க வேண்டியவை

வண்டி வந்து நின்ற பிறகு கடைக்கு ஓடினால், “அப்புறம் செய்யலாம்” என்று வேலை நின்றுபோகும். எனவே பயணம் கிளம்பும் முன்பே வாங்கி வைத்துவிடுங்கள்.

ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு கடப்பாக்கல் அல்லது சிமெண்ட் ஸ்லாப், சக்கரத்துக்கு முன்னும் பின்னும் வைக்கக் கட்டைகள், டயர் காற்று மானி, சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், 10 மற்றும் 13 எண் ஸ்பேனர், பெட்ரோலியம் ஜெல்லி, ரப்பருக்குப் போடும் சிலிக்கான் ஸ்ப்ரே, எஃகு நார், பொடிக்கண் கம்பி வலை, காற்று போகும் துணியில் தைத்த உறை அல்லது நிழல்வலை. ஈரம் உறிஞ்சும் கால்சியம் குளோரைடு டப்பாக்கள் இரண்டு மூன்று. ஒரு பெரிய அட்டையும் மார்க்கரும். அட்டை எதற்கு என்பது 11-ஆம் படியில் வரும்.

2. இடம் தேடுவது

முதல் கேள்வி நிழல் இருக்கிறதா என்பதல்ல, தண்ணீர் எங்கே தேங்கும் என்பதுதான். புதுச்சேரியில் கோரிமேடு, காலாப்பட்டு பக்கம் செம்மண் மேடு. கடலூரில் கேப்பர் மலைப் பக்கம் உயரம். அரியாங்குப்பம், பாகூர் வட்டாரத்திலும், கெடிலம், தென்பெண்ணை கரையோரங்களிலும் இடத்துக்கு இடம் மாறும். ஒரே தெருவில் ஒரு மனை மூழ்கும், அடுத்தது மூழ்காது. மனைக்காரர் சொல்வதை மட்டும் நம்பாமல், பக்கத்து வீட்டுச் சுவரில் பழைய தண்ணீர்க் கறை எந்த உயரம் வரை இருக்கிறது என்று பாருங்கள். 2015 நவம்பரிலும் 2024 டிசம்பர் தொடக்கத்திலும் இங்கே தண்ணீர் நின்றதா என்று எதிர் வீட்டில் கேளுங்கள். பெண்கள் இதைத் துல்லியமாகச் சொல்வார்கள், வீட்டுச் சாமான்களைத் தூக்கி மேலே வைத்தது அவர்கள்தானே.

இரண்டாவது, கடலிலிருந்து உள்ள தூரம். அலை தெறிக்கும் தூரத்துக்குள், அதாவது தேவனாம்பட்டினம் மாதிரிக் கரையை ஒட்டி, மாதக்கணக்கில் நிறுத்தாதீர்கள். கடலுக்கும் வண்டிக்கும் நடுவே நாலு தெரு இருந்தாலே உப்பு கணிசமாகக் குறையும்.

மூன்றாவது, மரம். தென்னை மரத்தடி கூடவே கூடாது. காயும் மட்டையும் எப்போது விழும் என்று சொல்ல முடியாது, கூரைக் கண்ணாடியோ சோலார் பேனலோ ஒரே அடியில் போய்விடும். முருங்கை லேசான காற்றுக்கே முறியும். மாமரத்தில் பூச்சி கசியவிடும் பிசுபிசுப்பு கூரையில் படிந்து, அதன்மேல் கரும்பூசணம் பிடிக்கும். மரத்தின் நிழல் பிற்பகலில் வண்டிமேல் விழும்படி, மரத்துக்குக் கிழக்கே தள்ளி நிறுத்துவது நல்லது.

மாட்டுத் தொழுவம், கோழிப்பண்ணை, நெல் மூட்டை அடுக்கிய இடம் இவற்றின் பக்கமும் வேண்டாம். தீவனம் இருக்கும் இடத்தில் எலி இருக்கும்.

3. தரையைத் தயார் செய்வது

புல்தரை பார்க்க அழகு. ஆனால் புல் இரவெல்லாம் ஈரத்தை மேலே விடும், அது நேராக வண்டியின் அடிப்பகுதியில் போய்ப் படியும். புல்லைச் செதுக்கி, கிராவல் அடித்து, மேலே முக்கால் அங்குல ஜல்லி பரப்புங்கள். முடிந்தால் வண்டி நிற்கும் பகுதியை சுற்றுத்தரையைவிட அரை அடி உயர்த்திக்கொள்ளுங்கள்.

டயருக்கு அடியில் பிளைவுட் பலகை போடச் சொல்லும் ஆலோசனையை நம் ஊரில் பின்பற்றாதீர்கள். செம்மண்ணில் கிடக்கும் பலகையைக் கரையான் விடாது. பலகையில் ஏறியது டயர் வழியாக வண்டித் தளத்தின் பிளைவுட் வரை போகும். கடப்பாக்கல் அல்லது சிமெண்ட் ஸ்லாப் போடுங்கள். கல்லுக்கு அடியில் மணலைச் சமமாக விரித்துக்கொண்டால் எடையில் உடையாது.

தரை முழுச் சமமாக இருக்க வேண்டியதில்லை. வண்டியின் கூரையில் தண்ணீர் நிற்காமல் வழியும் அளவுக்கு முன்பக்கமோ பின்பக்கமோ லேசாகச் சாய்ந்திருப்பது நல்லது. ஒரு வாளித் தண்ணீரைக் கூரையில் ஊற்றிப் பார்த்தால் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரிந்துவிடும்.

4. ஊர் திரும்பும் வழியிலேயே முடிக்க வேண்டியவை

நிறுத்திய பிறகு வண்டியை நகர்த்தாமல் இருக்க, சில வேலைகளை வழியிலேயே முடித்துவிடுங்கள்.

டீசல் டேங்கை நிரப்புங்கள். டேங்கில் காலியிடம் அதிகமானால் உள்ளே ஈரக்காற்றும் அதிகம். இரவில் குளிரும்போது அது நீராகி டீசலின் அடியில் தங்கும். அந்த நீரும் டீசலும் சேரும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து வழுவழுப்பான படலமாகி ஃபில்டரை அடைக்கும். டீசல் ஃபில்டரில் நீர் வடிக்கும் திருகு இருந்தால் அதையும் ஒருமுறை திறந்து வடித்துவிடுங்கள்.

பிஎஸ்6 புகை விதிப்படி வந்த வண்டியில், புகையைச் சுத்தமாக்கும் யூரியா கரைசலுக்கு டேங்க் இருந்தால் அதை நிரப்பி வைக்க வேண்டாம். 35 டிகிரி வெப்பத்தில் அந்தக் கரைசல் ஏறக்குறைய ஆறு மாதம்தான் தாங்கும். தேவையான அளவு இருந்தால் போதும்.

டயரில் காற்றை வழக்கத்தைவிட 5 பிஎஸ்ஐ வரை கூட்டிக்கொள்ளுங்கள். டயரின் பக்கவாட்டில் பொறித்துள்ள உச்ச அளவைத் தாண்டக் கூடாது. நிற்கும் வண்டியின் எடை ஒரே இடத்தில் அழுத்துவதால் டயர் தட்டையாகும். காற்று கூடுதலாக இருந்தால் அது குறையும்.

பிறகு வாட்டர் வாஷ். அது தனிப் படி.

5. உப்பைக் கழுவுவது

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் ஒழுங்காகச் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

மழைக்காலத்தில் சமையலறை உப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானே நீரை இழுத்துக் கரையும். புதுச்சேரி, கடலூர் கரையில் பெரும்பாலான இரவுகளில் ஈரப்பதம் அந்த அளவைத் தாண்டுகிறது. வண்டியின் அடியில் ஒட்டியிருக்கும் உப்பு ஒவ்வோர் இரவும் ஈரமாகி, பகலில் காய்ந்து, மறுபடி ஈரமாகிறது. மழையே பெய்யாமல், கடலில் இறங்காமல், நின்ற இடத்திலேயே வண்டி துருப்பிடிப்பது இதனால்தான்.

அடிப்பகுதி, சக்கர வளைவுகளின் உட்புறம், கதவுக்குக் கீழே உள்ள வடிகால் துளைகள், படிக்கட்டு, கீல்கள், பின்பக்க ஏணியின் திருகுகள். இந்த இடங்களில் தண்ணீர் நன்றாகப் பாய வேண்டும். பக்கவாட்டுப் பளபளப்பில் வாஷ் கடைப் பையன்கள் நேரத்தைச் செலவழிப்பார்கள். நீங்கள் கூடவே நின்று, அடியில் பத்து நிமிடம் அடிக்கச் சொல்லுங்கள். கூரையின் சீலன்ட் விளிம்புகளிலும் ஜன்னல் ரப்பரிலும் மட்டும் அழுத்தத் தண்ணீரை நேராக அடிக்க விடாதீர்கள், தண்ணீர் உள்ளே புகும்.

என்ன தண்ணீர் என்பது முக்கியம். கடலோரத்துப் போர்வெல்கள் பலவற்றில் உப்புத் தண்ணீர்தான் வருகிறது. உப்புத் தண்ணீரில் உப்பைக் கழுவிப் பயனில்லை. கொஞ்சம் வாயில் வைத்துப் பார்த்தாலே தெரியும். கறுப்புத் தகட்டில் ஒரு சொட்டு விட்டுக் காயவைத்தால் வெள்ளையாகப் படிகிறதா என்றும் பார்க்கலாம். நல்ல தண்ணீர் கிடைக்கும் இடமாக, கரையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் கடையாகத் தேர்ந்தெடுங்கள்.

கழுவியதும் நேராக நிறுத்த வேண்டாம். பதினைந்து இருபது கிலோமீட்டர் ஓட்டுங்கள். பிரேக் தட்டும் டிரம்மும் சூட்டில் காயும், அடிப்பகுதிக் குழிகளில் நின்ற நீர் வெளியேறும்.

வெயிலில் ஓரிரு மணி நேரம் நின்ற பிறகு, உள்ளே ஏறிக் கூரை மூலைகளையும் ஜன்னல் ஓரங்களையும் கையால் தடவிப் பாருங்கள். ஈரம் தட்டுப்பட்டால் கசிவு இருக்கிறது. மழைக்கு முன் இதைக் கண்டுபிடிக்க வாட்டர் வாஷைவிட நல்ல வாய்ப்பு கிடையாது. கசிவை அடைக்கச் சாதாரண பாத்ரூம் சிலிக்கானைப் பிதுக்காதீர்கள். அதன்மேல் பிறகு வேறு எந்த சீலன்டும் ஒட்டாது. பழையதைச் சுரண்டி எடுத்து, பியூட்டைல் டேப்பும் பாலியூரிதேன் சீலன்டும் போட்டுச் சரிசெய்யுங்கள்.

துருத் தடுப்புக்கு மெழுகு வகைப் பூச்சு அடிப்பதானால், உப்பு கழுவி முழுக்க உலர்ந்த பிறகுதான் அடிக்க வேண்டும். ஈரத்துக்கு மேல் பூசினால் துருவை உள்ளே பூட்டி வைத்த மாதிரி. பிரேக்கிலும் சைலன்சரிலும் பூச்சு படக் கூடாது.

6. தண்ணீர் டேங்கும் கழிவறையும்

நல்ல தண்ணீர் டேங்கை முழுக்கக் காலி செய்யுங்கள். பம்பை அணைத்து எல்லாக் குழாய்களையும் திறந்து, குழாயில் தங்கியதையும் வெளியேற்றுங்கள். ஹீட்டர் இருந்தால் அதன் வடிகாலையும் திறக்க வேண்டும், ஏனென்றால் டேங்க் காலியானாலும் ஹீட்டருக்குள் பல லிட்டர் தங்கிவிடும். பிறகு குழாய்களைத் திறந்தபடியே விட்டுவிடுங்கள்.

பாதி டேங்க் இருந்தால் அடுத்த பயணத்துக்கு உதவும் என்று சிலர் வைத்துவிடுகிறார்கள். நம் வெயிலில் இரண்டு வாரத்தில் உட்சுவரில் வழுக்கல் படிந்துவிடும். டேங்கின் காற்றுத் துளையில் வலை இல்லையென்றால் கொசு முட்டையிடும். டெங்கு கொசுவுக்குச் சுத்தமான தண்ணீர்தான் பிடிக்கும்.

கழிவுநீர் டேங்கையும் கழிவறைக் கேசட்டையும் (கழற்றி எடுக்கும் கழிவுப் பெட்டி) உரிய இடத்தில் காலி செய்து, இருமுறை அலசி, மூடியைத் திறந்து வெயிலில் காயவையுங்கள். ரப்பர் சீலுக்கு சிலிக்கான் ஸ்ப்ரே மட்டும் போடுங்கள். பெட்ரோலியம் ஜெல்லி அந்த ரப்பரை ஊதவைத்துக் கெடுத்துவிடும். அது பேட்டரி முனைக்குத்தான்.

சிங்க், குளியலறை வடிகால்களில் அடைப்பானைப் போட்டு மூடுங்கள். வளைகுழாயில் நிற்கும் நீர் வற்றியதும் நாற்றமும் கரப்பானும் அந்த வழியாகத்தான் மேலே வரும்.

7. சமையல் பகுதி

கேஸ் சிலிண்டரின் வால்வை மூடி, ரெகுலேட்டரைக் கழற்றி, சிலிண்டரையே வண்டியை விட்டு எடுத்துவிடுங்கள். வீட்டுக்கு வெளியே காற்றோட்டமான நிழலில் நிமிர்த்தி வைக்க வேண்டும். கேஸ் காற்றைவிடக் கனமானது. மூடிய வண்டியில் கசிந்தால் தளத்தோடு தங்கிவிடும். உள்ளே ஒரு ரிலே, அதாவது தானியங்கி மின்சுவிட்ச், தட்டினால்கூடப் பற்றிக்கொள்ளும்.

ஃப்ரிட்ஜை அணைத்து, துடைத்து, கதவு மூடிக்கொள்ளாதபடி இடையில் ஒரு துணிச் சுருள் வையுங்கள்.

அரிசி, பருப்பு, பிஸ்கட், நாய்க்குட்டிக்கு வாங்கிய தீனி எல்லாம் வெளியே போக வேண்டும். டப்பாவில் அடைத்திருந்தாலும் வேண்டாம். எலி வாசனைக்கு வருகிறது, வந்த பிறகு டப்பா கிடைக்காவிட்டால் வயரைக் கடிக்கிறது.

8. உள்ளே பூஞ்சை பிடிக்காமல் இருக்க

மெத்தையைப் படுக்கைப் பலகையில் அப்படியே விட்டால் அடிப்பக்கம் கரும்புள்ளி பிடிக்கும். நிமிர்த்திச் சாய்த்து, இருபுறமும் காற்று படும்படி வையுங்கள். தலையணை, போர்வை, திரைத்துணியை வீட்டுக்கு எடுத்துச் சென்று துவைத்துவிடுங்கள். அலமாரிக் கதவுகள், இழுப்பறைகள் எல்லாம் கொஞ்சம் திறந்திருக்கட்டும்.

சுவர், சமையல் மேடை, கைப்பிடிகளைச் சோப்பு நீரில் துடைத்துக் காயவிடுங்கள். பூஞ்சைக்கு எண்ணெய்ப் பிசுக்கும் வியர்வையுமே உணவு.

கூரை வென்ட்டை ஒரு விரல் அகலம் திறந்து, மேலே மழைத்தடுப்பு மூடி, உள்ளே கொசுவலை. தளத்துப் பக்கமும் ஒரு காற்றுத் துளை திறந்திருக்க வேண்டும். சூடான காற்று மேலே போகக் கீழிருந்து புதுக்காற்று வர வேண்டும் அல்லவா? மேலே மட்டும் திறந்து வைத்தால் காற்று நகராது. பகலில் வெயில் ஏறும்போது இந்த ஓட்டம் தானாக நடக்கும்.

கால்சியம் குளோரைடு டப்பாக்களை அலமாரிக்குள் வையுங்கள். அவை சிறிய மூடிய இடத்துக்குத்தான் உதவும். முழு வண்டியையும் அவை உலர்த்திவிடும் என்று காற்றோட்டத்தை அடைக்காதீர்கள். டப்பா நிரம்பினால் கவிழ்ந்து கொட்டும், அந்த நீர் உலோகத்தை அரிக்கும், எனவே அடியில் ஒரு பிளாஸ்டிக் தட்டு இருக்கட்டும்.

9. நிறுத்துவது

ஸ்லாப்களின் மேல் சக்கரங்கள் முழுதாக உட்காரும்படி ஏற்றுங்கள். டயரின் ஒரு பகுதி கல்லுக்கு வெளியே தொங்கினால் உள்ளே இருக்கும் கம்பி அடுக்கு ஒரு பக்கமாக அழுந்தும்.

கட்டைகளை எல்லாச் சக்கரத்துக்கும் வைத்து, முதல் கியரில் போட்டு, பிறகு ஹேண்ட் பிரேக்கை விடுவியுங்கள். வரிசை முக்கியம். கட்டை வைக்காமல் பிரேக்கை விடக் கூடாது. ஹேண்ட் பிரேக் இழுத்தபடி மழைக்காலம் முழுக்க நின்ற வண்டியில் பிரேக் லைனிங் டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். எடுக்கும்போது சக்கரம் சுற்றாது, பலவந்தமாக இழுத்தால் லைனிங் கழன்றுவிடும்.

டயர்களின் வெயில் படும் பக்கத்தை வெளிர்நிறத் துணியால் மூடுங்கள். தெற்கும் மேற்கும் கட்டாயம். டயர் வயதையும் இப்போதே குறித்துக்கொள்ளலாம். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2322 என்றால் 2022-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம் செய்தது. நிறுத்தி வைக்கும் வண்டியில் பட்டன் தேய்வதற்குள் ரப்பரில் வெடிப்பு விழுந்துவிடும், எனவே வயதைத்தான் பார்க்க வேண்டும்.

10. பேட்டரி

வண்டியில் இரண்டு பேட்டரி இருக்கும். ஸ்டார்ட் செய்யும் பேட்டரி ஒன்று, உள்ளே விளக்கு, பம்ப், ஃபேனுக்கு ஒன்று. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

ஸ்டார்ட்டர் பேட்டரி பெரும்பாலும் லெட் ஆசிட். வண்டி அணைந்திருந்தாலும் அலாரம், ஜிபிஎஸ், ரேடியோ நினைவகம் ஆகியவை மின்சாரம் எடுத்துக்கொண்டே இருக்கும். 50 மில்லி ஆம்பியர் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் மணி, முப்பது நாளில் 36 ஆம்பியர் மணி. 70 ஆம்பியர் மணி பேட்டரியில் பாதி போய்விட்டது. பாதிச் சார்ஜில் நிற்கும் லெட் ஆசிட் தகடுகளில் சல்ஃபேட் படிந்து இறுகும், பிறகு முழுச் சார்ஜ் ஏறாது.

எனவே முழுச் சார்ஜ் ஏற்றி, நெகட்டிவ் முனையைக் கழற்றி வையுங்கள். முதலில் நெகட்டிவ் ஏன் என்றால், பாசிட்டிவைக் கழற்றும்போது ஸ்பேனர் வண்டி உடலில் பட்டால் ஷார்ட் ஆகும், நெகட்டிவ் ஏற்கெனவே விலகியிருந்தால் ஆகாது. மாட்டும்போது நேர் எதிர் வரிசை. முனைகளைத் துடைத்துப் பெட்ரோலியம் ஜெல்லி தடவுங்கள். மல்டிமீட்டரில் 12.6 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் நிறைவு. 12.4-க்கு இறங்கினால் சார்ஜ் செய்யுங்கள். 12.2 என்றால் பாதி.

உள் பேட்டரியும் லெட் ஆசிட் என்றால், சிறிய சோலார் பேனலையும் கண்ட்ரோலரையும் இணைத்தபடி விடலாம். வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி போலவே இதற்கும் டிஸ்டில்டு வாட்டர் அளவு பார்க்க வேண்டும்.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்றால் முழுச் சார்ஜில் வைக்காதீர்கள். பாதி முதல் 60 சதவீதம் வரை வைத்து, மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். நிறைந்த சார்ஜும் அக்னி நட்சத்திர வெப்பமும் சேர்ந்தால் அதன் ஆயுள் குறையும். இதில் வோல்ட் அளவு அதிகம் மாறாது என்பதால், சார்ஜ் சதவீதத்தை மானிட்டரில் பாருங்கள், மல்டிமீட்டரில் தெரியாது.

பலரும் தவறுவது ஒன்று உண்டு. சோலார் பேனல் கண்ட்ரோலரோடு இணைந்திருக்கும்போதே பேட்டரியை மட்டும் கழற்றுகிறார்கள். பல கண்ட்ரோலர்கள் அதைத் தாங்காது. முதலில் பேனலைத் துண்டியுங்கள், பிறகு பேட்டரி. மாட்டும்போது முதலில் பேட்டரி, பிறகு பேனல்.

11. எலி, குளவி, அட்டை

வண்டியின் அடியில் வயரும் குழாயும் நுழையும் ஒவ்வொரு துளையையும் தேடி, எஃகு நாரைத் திணித்து மேலே சீலன்ட் போடுங்கள். வெறும் ஃபோம் போட்டால் எலி ஒரே இரவில் கடித்துவிடும். ஏர் ஃபில்டர் பெட்டியின் வாயில் கம்பி வலை வையுங்கள், அந்தப் பெட்டி எலிக்கு மிகவும் பிடித்த இடம். வாரம் ஒருமுறை யாராவது பானெட்டைத் திறந்து வெளிச்சம் காட்டினால் கூடு கட்டாது. எலி மருந்தை வண்டிக்குள் வைக்காதீர்கள். அதைத் தின்ற எலி கை எட்டாத இடுக்கில் போய்ச் செத்தால் நாற்றம் மாதக்கணக்கில் போகாது.

குளவி மண்கூடு கட்டப் பொருத்தமான துளைகள் சைலன்சர் முனை, ஃப்ரிட்ஜ் வென்ட், டேங்க் காற்றுக்குழாய் ஆகியவை. வென்ட்டுகளில் காற்று போகும் பொடிவலை. சைலன்சர் முனைக்குச் சிவப்புத் துணி கட்டிய அடைப்பு.

இப்போது அட்டை. அதில் பெரிய எழுத்தில் எழுதி ஸ்டியரிங்கில் மாட்டுங்கள்: சைலன்சர் அடைப்பு, சக்கரக் கட்டை, பேட்டரி கழற்றியது, தண்ணீர் காலி, ஹீட்டர் வடிகால் திறந்தது, டயர் காற்று கூடுதல். மூன்று மாதம் கழித்து நீங்களே மறந்திருப்பீர்கள், அல்லது அவசரத்துக்கு வேறு யாராவது வண்டியை நகர்த்த வருவார்கள்.

12. மூடுவது

நீலத் தார்ப்பாயை வண்டியோடு ஒட்டி இழுத்துக் கட்டுவதை நான் எப்போதும் தடுப்பேன். தரையிலிருந்து எழும் ஈரம் அதற்குள் சிக்கிக்கொள்ளும், கூடவே உப்பும் உள்ளேயே இருக்கும். காற்றில் அடித்துக்கொண்டே இருப்பதால் பெயிண்டும் அக்ரிலிக் ஜன்னலும் தேய்ந்து மங்கும். அதைவிட எதையும் மூடாமல் விடுவதே மேல்.

நல்ல வழி, வண்டியைத் தொடாமல் மேலே ஒரு நிழல். சவுக்குக் கம்பு நட்டு, கூரைக்கு மேல் இரண்டடி இடைவெளி விட்டு, 50 அல்லது 75 சதவீத நிழல்வலை கட்டுங்கள். சவுக்கு நம் பக்கம் சுலபமாகக் கிடைக்கும். வலை வெயிலைத் தடுக்கும், மழையை விட்டுவிடும், காற்றையும் விட்டுவிடும். தென்னங்கீற்றுப் பந்தல் குளிர்ச்சிதான். ஆனால் அதில் எலியும் தேளும் குடியேறும், ஒரு தீப்பொறி போதும். கீற்று வேண்டாம்.

உறை வாங்குவதானால் காற்று போகும் பல அடுக்குத் துணியாக, வண்டி அளவுக்கே தைத்ததாக வாங்குங்கள். தொளதொள உறை தேய்க்கும். வண்டி முழுக்கக் காய்ந்த நாளில், பிற்பகலில் போடுங்கள்.

13. மாதம் ஒருமுறை

நாள்தோறும் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து விடுவதை வண்டிக்குச் செய்யும் நன்மை என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது கெடுதல். எஞ்சின் முழுச் சூடு அடைவதற்குள் அணைத்தால், எரிபொருள் எரிந்ததில் உண்டான நீர் சைலன்சரிலும் ஆயிலிலும் தங்கும். ஸ்டார்ட் செய்யச் செலவான மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பாது. பிஎஸ்6 வண்டியின் புகைக்கரி ஃபில்டர் எரித்துச் சுத்தமாகாமல் அடைத்துக்கொண்டே போகும்.

மாதம் ஒருமுறை எடுத்து, இருபது முப்பது கிலோமீட்டர் சாலையில் ஓட்டுங்கள். ஏசியைப் பத்து நிமிடம் போடுங்கள், கம்ப்ரெசரின் சீல்களுக்கு எண்ணெய் போகும். திரும்ப நிறுத்தும்போது டயர் வேறு பகுதியில் ஊன்றும். ஓட்ட முடியாத மாதத்தில் ஸ்டார்ட்டே செய்யாதீர்கள். பேட்டரி வோல்ட்டை மட்டும் பார்த்துவிட்டு வாருங்கள்.

அன்றே கூரைச் சருகைத் தள்ளி, உள்ளே முகர்ந்து பாருங்கள். புளித்த வாடை வந்தால் எங்கோ ஈரம் இருக்கிறது, கண்டுபிடிக்காமல் கதவைச் சாத்தாதீர்கள்.

14. புயல் சமயம்

தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தது. நிவர் 2020 நவம்பர் 25 நள்ளிரவை ஒட்டி. ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30. நவம்பர் பின்பாதியிலிருந்து டிசம்பர் முடியும்வரை வண்டி எங்கே நிற்கிறது என்பது மனத்தில் இருந்துகொண்டே இருக்க வேண்டும்.

துறைமுகத்தில் 2-ஆம் எண் கூண்டு ஏறினாலே வேலையைத் தொடங்குங்கள். கூண்டு எண் கூடும்வரை காத்திருந்தால் மழை வந்துவிடும், சாலையில் தண்ணீர் ஏறிவிடும், வண்டி நின்ற இடத்திலேயே மாட்டிக்கொள்ளும்.

முதலில் உறையையும் நிழல்வலையையும் கழற்றுங்கள். கட்டியிருக்கும் துணி பாய்மரமாக மாறி வண்டியை இழுக்கும். பக்கவாட்டு ஆனிங் (விரித்து மடக்கும் நிழல் துணி), தனியே வைத்த சோலார் பேனல், ஏணியில் கட்டியது எல்லாம் உள்ளே போகட்டும். கூரை வென்ட்டை மூடுங்கள். தாழ்வான இடம் என்றால் மேட்டுக்கு நகர்த்துங்கள். கட்டடத்தின் மறைவு நல்லது, ஆனால் மரத்தடியும் மின்கம்பியின் அடியும் கூடாது. தானேயில் பண்ருட்டிப் பக்கம் ஆண்டுக்கணக்கில் நின்ற பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன.

காற்று நின்றதும் திரும்பக் கொண்டுவர அவசரப்படாதீர்கள். ஃபெஞ்சலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அது முடிந்து, வானம் வெளுத்த பிறகுதான் சாத்தனூர் அணையிலிருந்து வந்த நீரோடு தென்பெண்ணை கரை மீறியது. ஆற்றோரம் என்றால் புயல் கடந்து மூன்று நாளாவது மேட்டிலேயே நிற்கட்டும்.

வண்டித் தளம் வரை தண்ணீர் ஏறியிருந்தால் சாவியைத் திருப்பவே வேண்டாம். பேட்டரி முனையைக் கழற்றிவிட்டு, படம் எடுத்து வைத்து, இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குச் சொல்லி, டோயிங்கில்தான் எடுக்க வேண்டும். தண்ணீர் புகுந்த எஞ்சினைச் சுற்றினால் கனெக்டிங் ராடு வளையும். எஞ்சின் பாதுகாப்புக்கான கூடுதல் பாலிசி எடுக்காதவர்களுக்கு அந்தச் செலவு பெரும்பாலும் கிடைப்பதில்லை. மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் வெள்ளச் சேதம் எதற்குமே பணம் வராது. ஓடாத வண்டிக்கு எதற்கு முழுக் காப்பீடு என்று விட்டுவிடாதீர்கள். காலாவதியாகி 90 நாள் தாண்டினால் நோ கிளெய்ம் போனஸும் போய்விடும்.

15. மறுபடி எடுக்கும்போது

கிளம்பும் நாளுக்கு மூன்று நாள் முன்பே வாருங்கள். ஸ்டியரிங் அட்டையைப் படித்து ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போங்கள். சைலன்சர் அடைப்பை எடுத்த பிறகே பேட்டரியை மாட்டுங்கள். பானெட்டைத் திறந்து வயரில் கடி இருக்கிறதா, அடியில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

தண்ணீர் டேங்கைக் கிருமிநீக்கம் செய்ய, 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் திரவத்தை லிட்டருக்கு 1 மில்லி கணக்கில், அதாவது 100 லிட்டருக்கு 100 மில்லி கலந்து நிரப்புங்கள். ஒவ்வொரு குழாயிலும் குளோரின் வாடை வரும்வரை திறந்து மூடி, நான்கு மணி நேரம் விட்டு, வடித்து, வாடை போகும்வரை இரண்டு மூன்று முறை அலசுங்கள். மணமில்லாத திரவமாகப் பாருங்கள், வாசனை கலந்த வீட்டு பிளீச் வேண்டாம்.

சிலிண்டரை மாட்டியதும் இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் குமிழ் வருகிறதா என்று பாருங்கள். அடுப்பைப் பற்றவைக்கும் முன் கதவு ஜன்னலை அரை மணி திறந்து வையுங்கள்.

டயர் காற்றை வழக்கமான அளவுக்கு இறக்குங்கள். கட்டைகளை எடுக்கும் முன் ஹேண்ட் பிரேக்கை இழுத்துக்கொள்ளுங்கள். பிறகு காலியான தெருவில் மெதுவாக நகர்ந்து இரண்டு மூன்று முறை பிரேக் மிதியுங்கள். டிரம்மின் மேல்துரு உராய்ந்து போகும் சத்தம் கொஞ்ச நேரம் வரும், அது இயல்பு. ஒரு பக்கமாக இழுத்தாலோ, சில கிலோமீட்டர் போன பிறகும் ஒரு சக்கரம் மட்டும் சூடாக இருந்தாலோ அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. நெடுஞ்சாலையில் ஏறாமல் நேராக மெக்கானிக்கிடம் போங்கள்.